இடது கைக்கு ஒரு மடக்குக் கத்தி

“கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும், நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்” என்று சொல்லிவிட்டு என் மனைவி உலகம்மாள் மார்க்கெட் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மேஜைமேல் அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. பெட்டிக்குள் கசக்கிய செய்தித்தாள், அதற்குள் ஒரு மஞ்சள் துணி, துணியின் நடுவில் மடக்குக் கத்தி. நான் அதைத் தொடவில்லை. “யாருக்கு?” என்று கேட்டேன். “யாருக்கா? கீழ்வீட்டு ரெஜினாக்காவுக்கு. கேக்கதப் பாரு” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “திங்கக்கிழமை மறுபடி பாலிடெக்னிக் வேலைக்குப் போறியள்லா. பென்சில் சீவுற சீவல் சார் வெறுங்கையோட போய் நின்னா பிள்ளைய என்ன நினைக்கும்? சிவகங்கைப் பக்கம் ஒரு பட்டறையில சொல்லி, உங்க கைக்குன்னே செஞ்சது. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன்” என்றாள். டாக்டர் என்ற சொல்லை மட்டும் வேகமாகச் சொன்னாள், சூடான பாத்திரத்தைச் சட்டென்று கீழே வைக்கிற மாதிரி. நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்சம் நின்றாள்.  “போயிட்டு வாரேன், அவரைக்காய் நல்லா இருந்தா வாங்கியாரேன்” என்றாள். கதவைச் சாத்தினாள். எப்போதும் போடுகிற வெளித் தாழ்ப்பாளை இன்று அவள் போடவில்லை.

கதவைச் சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் வீடு அவளுடையதாகவே இருந்தது. கொடியில் அவளுடைய துண்டு ஈரமாகத் தொங்கியது, அடுப்படியில் அவள் கவிழ்த்து வைத்த குக்கரிலிருந்து தண்ணீர் சொட்டியது, அவள் நெற்றியில் வைத்த விபூதியின் மணம் கதவுப் பக்கம் மிச்சமிருந்தது. அதெல்லாம் ஒவ்வொன்றாக அடங்க அடங்க வீட்டில் நான் மட்டும் இருப்பது தெரிந்தது. இப்போது ரெஜினாக்கா மேலே வருவாள் என்று காது படிக்கட்டுப் பக்கம் போயிற்று. எப்போதும் வருவாள். உலகு பால் வாங்கப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், யார் வீட்டுத் துக்கத்துக்குப் போனாலும், அவள் செருப்பு வாசலைத் தாண்டுவதற்குள் ரெஜினாக்காவின் செருப்பு வாசலுக்கு வந்துவிடும். “சும்மாதான் வந்தேன் தம்பி, கீழ ஒரே புழுக்கம்” என்பாள். மழை கொட்டும்போதும் கீழே ஒரே புழுக்கம்தான். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் ஜெபம் கேட்பாள். என்னைப் பார்க்கவே மாட்டாள், ஆனால் குளியலறையில் நான் கொஞ்சம் தாமதித்தால் போதும், ஜெபம் நின்றுவிடும். “தம்பி, தண்ணி வருதா?” என்று குரல் வரும். “வருதுக்கா” என்பேன். “நல்லா வருதா?” “நல்லா வருதுக்கா.” பாவம், அவளுக்கு வேறென்ன கேட்கத் தெரியும், எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும். இரண்டு வருஷமாக நாங்கள் இருவரும் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இன்று அவள் வரவில்லை. வரமாட்டாள் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. உலகு சொல்லி வைத்திருக்கிறாள், இன்னைக்கு வராதீங்கக்கா என்று. அதைச் சொல்ல அவளுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் கத்தி கிடையாது, அரிவாள்மனை கிடையாது, தையல் கத்தரிக்கோல்கூடக் கிடையாது. எல்லாம் ஒருநாள் கீழ்வீட்டுக்குக் குடிபோயின. காய்கறியும் கீழேதான் போகும். முழுசாகப் போகிற வெண்டைக்காய் வட்டம் வட்டமாக மேலே வரும். நான் இங்கே நாற்காலியில் உட்கார்ந்து கீழே அவர்கள் நறுக்குகிற சத்தத்தைக் கேட்பேன், டொக் டொக் டொக், இடையில் இரண்டு பேரின் பேச்சும் தாழ்ந்து நிற்கும்போது, இப்போது என்னைப் பற்றி, என்று நினைத்துக்கொள்வேன். முகச்சவரத்துக்குத் தெருமுக்குச் சலூன். ஆப்பிள் வாங்கினால் கடித்துத் தின்பது. மகள் சங்கரி கோயம்புத்தூர் விடுதியிலிருந்து லீவுக்கு வரும்போது நகம் வெட்டும் கருவியைக்கூடப் பையிலேயே பூட்டி வைத்திருப்பாள், பூட்டும்போது நான் பார்த்துவிட்டால் பையில் எதையோ தேடுகிற மாதிரி நடிப்பாள். யாரும் எதையும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் அந்தச் சொல் நடுவீட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்கு யார் இலை போடுவது.

கத்தியைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்ல முடியாது, கை போயிற்று, இடது கை. கைப்பிடி வைரம் பாய்ந்த கருவேலங்கட்டை போலிருக்கிறது, கரும்பழுப்பு, ஓரத்தில் மட்டும் ஒரு வெளிறிய ரேகை. இரண்டு பித்தளை ஆணிகளைத் தேய்த்துத் தேய்த்து மரத்தோடு மரமாக்கியிருக்கிறார்கள், விரலை ஓட்டினால் எங்கே மரம் முடிந்து பித்தளை தொடங்குகிறது என்று தெரியவில்லை, கண்ணுக்குத்தான் தெரிகிறது. நகத்தை வைத்து இழுக்க அலகில் பிறை மாதிரி ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் வழக்கமான பக்கத்தில் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருந்தது. இடக்கைக்காரன் திறப்பதற்கு. எத்தனையோ கத்தி வைத்திருந்திருக்கிறேன், எல்லாவற்றையும் வலக்கைக்காரர்களிடமிருந்து கடன் வாங்கின மாதிரிதான் திருப்பித் திருப்பிப் பிடித்திருக்கிறேன், இப்படி ஒரு பள்ளம் எனக்காகப் பக்கம் மாறி உட்காரும் என்று நினைத்ததேயில்லை. கல்யாணமான புதிதில் உலகு என் இடது கையைப் பிடித்துப் பார்த்து, “இது என்னதுங்க, சுண்டுவிரல் ஓரம் பூரா கரி?” என்று கேட்டாள். வரைகிற கை தான் வரைந்த கோட்டின் மேலேயே நகர்ந்து போகும் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் சட்டைக் கைகளைத் தேய்த்துத் தேய்த்து வெளுத்தாள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இந்தக் கைப்பிடி உள்ளங்கையில் நன்றாக அமர்ந்தது, ஆனால் கொஞ்சம் பெரிசு. ஒரு நூல் பெரிசு. ஏன் என்று யோசிக்கும்போதே தெரிந்துவிட்டது, தெரிந்தவுடன் கத்தியோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆடி மாசக் காற்றில் ஒரு சாயங்காலம், செய்தித்தாளை விரித்து, “கையை இதுமேல வைங்க, சங்கரி அளவு கேட்டா, காலேஜ்ல ஏதோ செய்யணுமாம்” என்றாள். வைத்தேன். ஒரு மொட்டைப் பென்சிலால் கையைச் சுற்றி வரைய ஆரம்பித்தாள். மணிக்கட்டில் தொடங்கி, பெருவிரல் ஏறி இறங்கி, விரல் சந்துகளில் பென்சில் நுழைந்தபோது கூசியது. நான் சிரித்துவிட்டேன். அவள் பென்சிலை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். “என்ன?” என்றேன். “ஒண்ணுமில்ல, அசையாதீங்க” என்றாள். மூக்கை உறிஞ்சினாள், ஜலதோஷம் என்று நினைத்தேன். “பென்சிலை நேரா பிடி உலகு, சாய்ச்சுப் பிடிச்சா என் கை யானைக்கால் மாதிரி வரும்” என்றேன். “வந்தா வரட்டும்” என்றாள். சாய்த்துத்தான் பிடித்தாள். அந்தச் சாய்வு பட்டறைக்குப் போய், யாரோ ஒரு முகம் தெரியாத மனிதர் அந்தக் கோட்டை நம்பி மரத்தை அறுத்து, அரத்தால் ராவி, தேய்த்து, இதோ என் கையில் அந்தச் சாய்வு ஒரு நூல் பெரிசாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவரிடம் என்ன பேசியிருப்பாள். கீழ்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, எனக்குக் கேட்காத குரலில். எந்தக் கைம்மா? இடது கைங்க. என்ன வேலைக்கு? பென்சில் சீவ. அவர் சிரித்திருப்பார், பென்சில் சீவவா இவ்வளவு பெரிய ஏற்பாடு என்று. அப்புறம் அவள் சொல்லியிருப்பாள், கொஞ்சம் இறுக்கமா வைங்க, லேசாத் திறக்கக் கூடாது. ஏம்மா? அந்த ஏம்மாவுக்கு என்ன பதில் சொன்னாள். இந்த இடத்தில் வந்ததும் என் மனம் மாட்டிக்கொண்டது, முள்ளில் வேட்டி மாட்டிக்கொண்ட மாதிரி, முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. ஏம்மா? சின்னப் பிள்ளை உள்ள வீடு என்று சொல்லியிருக்கலாம். சட்டைப் பையில் திறந்துகொள்ளும் என்று சொல்லியிருக்கலாம். ஏம்மா? நகத்தைப் பள்ளத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. உள்ளே இருக்கிற வில் பிடித்து வைத்திருந்தது. நகம் நழுவியது. அப்போது புரிந்தது. நகம் வைப்பதற்கும் அலகு திறப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன நேரம் இருக்கிறது, ஒருவன் நான் என்ன செய்கிறேன் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு நேரம். அந்த நேரத்தைத்தான் அவள் சொல்லிச் செய்து வாங்கியிருக்கிறாள். அப்படியென்றால் நம்பவில்லையா. நம்பாமலா வெளித் தாழ்ப்பாளைப் போடாமல் போனாள். இது பரீட்சையா, பார்ப்போம் என்ன செய்கிறான் என்று. இல்லை, அவளுக்கு அலுத்துவிட்டதா. இரண்டு வருஷம் ஒரு ஆளைக் காவல் காத்தால் யாருக்கும் அலுக்கும், போதும், இந்தா உன் கத்தி, இனி உன் பாடு என்று.  அலுத்திருந்தால் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கு மத்தியானம் அவள் குடையை மறந்துவிட்டு எடுக்கத் திரும்பி வந்தாள், மழை வரும்போலிருந்தது. நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தேன். கையில் காய் நறுக்குகிற கத்தி. எதற்கு எடுத்தேன், எவ்வளவு நேரமாக அதை வைத்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது, அதைத்தான் பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள், எனக்குத் தெரியவே தெரியாது. அதற்கு முந்தின பல மாதங்களாகவே எனக்குக் கோடுகள் இணையாக வரவில்லை. கரும்பலகையில் வரைவேன், பிள்ளைகள் சரியாக இருக்கிறது என்பார்கள், எனக்கு மட்டும் அவை எங்கோ தூரத்தில் போய் முட்டிக்கொண்டன. சாப்பாடு மண்ணாக இருந்தது. சங்கரி பேசினால் கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. என்ன குறை, என்ன குறை என்று கேட்டார்கள். ஒரு குறையும் இல்லை. அதுதான் சொல்ல முடியாமல் இருந்தது. உலகு அன்றைக்குக் கத்தவில்லை, ஓடி வந்து பிடுங்கவில்லை. செருப்போடு வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். “தாங்க” என்றாள். அவ்வளவுதான். நீட்டின கையை அவள் மடக்கவேயில்லை. வெளியே மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. நான் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அவள் செருப்பைக் கழற்றினாள், அதுவரை அந்தக் கை ஒரு பலகை மாதிரி அசையாமல் இருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி, மாத்திரை, மதியத்தைத் தின்றுவிடுகிற தூக்கம், பிளாஸ்டிக் கரண்டி. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், காய்ச்சல் மாதிரி அதுவும் ஒரு நோய்தான், வரும், மருந்து உண்டு, போகும் என்றார். போயிற்றா. போன மாதம் மாத்திரையைப் பாதியாக்கினார். சாம்பாரில் பெருங்காயம் தெரிகிறது. போன வாரம் சங்கரி போனில் ஏதோ சொன்னதற்கு எனக்குக் கோபம் வந்தது, கோபம் வந்ததே என்று பிறகு சந்தோஷமாக இருந்தது. ஆனால் போயிற்று என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்.

மறுபடி நகத்தை வைத்தேன். இந்தத் தடவை பள்ளத்தில் ஆழமாக, நேராக. வில் முதலில் மறுத்தது, பிறகு யோசித்தது, பிறகு அலகு எழுந்து வந்து டக் என்று நின்றது. வெள்ளை வெயில் அதன்மேல் ஓடியது. நான் காத்திருந்தேன். எதற்கு என்று சொல்வது கஷ்டம். பழைய ஆள் ஒருவன் உள்ளேயிருந்து எழுந்து வருவான் என்று, அந்தக் கனத்த ஆள், எதையும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வானே அவன், வருவான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கீழே தெருவில் ஒருவன் மணியடித்து உப்பு விற்றுக்கொண்டிருந்தான். யாரோ மோட்டார் போட்டார்கள். அலகில் என் மூக்கு தெரிந்தது, மூக்கில் ஒரு பரு. அவ்வளவுதான். யாரும் வரவில்லை. கத்தி கத்தியாக மட்டும் இருந்தது, நல்ல கத்தி, முதுகு தடித்து வயிறு மெலிந்து, நுனி சற்றே தாழ்ந்து, பென்சிலுக்கென்றே யோசித்துச் செய்த நுனி. சிரிப்பு வந்தது. எழுந்துபோய் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். இரண்டு வருஷமாகத் தொடாத பென்சில்கள், எல்லாம் மொட்டை. ஒன்றை எடுத்தேன், 2H. சன்னலோரம் நின்று, பழைய நாளிதழை விரித்து, பென்சிலை வலது கையில் பிடித்து, இடது கையால் முதல் சீவல் சீவினேன். மரம் வழிவிட்டது. அந்த மணம். தேவதாரு என்று கடைக்காரர் சொல்வார், உண்மையோ பொய்யோ, எனக்கு அது முதல் வருஷத்துப் பிள்ளைகள் நிறைந்த வரைபடக் கூடத்தின் மணம். முதல் வகுப்பிலேயே அவர்கள் கொண்டுவருகிற ஷார்ப்னரை எல்லாம் பையில் போடச் சொல்லிவிடுவேன். ஷார்ப்னர் கூராக்கும், ஆனால் உளி மாதிரித் தட்டையாக்காது, கோடு ஒரே கனத்தில் நிற்க வேண்டுமானால் கத்தியால்தான் சீவ வேண்டும் என்று சொல்லி மேஜைமேல் நாலு பென்சில் சீவிக் காட்டுவேன். அவர்கள் பின்னால் எனக்குச் சீவல் சார் என்று பெயர் வைத்தார்கள், வெற்றிலை பாக்குக் கடை மாதிரி. கேட்டும் கேட்காத மாதிரி இருந்துகொள்வேன், வீட்டுக்கு வந்து உலகுவிடம் சொல்லிச் சிரிப்பேன். அவள் அதை மறக்கவில்லை. சீவல் சுருண்டு சுருண்டு தாளில் விழுந்தது, ஓரத்தில் பச்சைச் சாயக் கோடு போட்ட சுருள்கள். ஒன்று முடித்தேன், இரண்டு, மூன்று, ஒவ்வொன்றாலும் நாளிதழ் ஓரத்தில் இடது கையால் கோடுகள் இழுத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை யார் யார் இருப்பார்கள், புதுப் பிள்ளைகள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பழைய ஆட்களுக்குத் தெரியும், தேநீர் நேரத்தில் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றுவார்கள், மாற்றட்டும், நான் தண்ணீர் நல்லா வருதா என்று கேட்பேன். இப்படி நினைத்துச் சிரித்தபோது கைப்பிடி, அந்த ஒரு நூல் பெரிசான கைப்பிடி, உள்ளங்கையில் லேசாக உருண்டது, அலகு பென்சிலைத் தாண்டி வலது பெருவிரலில் ஏறியது.

வலி உடனே வரவில்லை. ஒரு வெள்ளைக் கோடு வந்தது, நேர்க்கோடு, பிறகு அதில் சிவப்பு ஊறியது. ஒரு சொட்டு சீவல்மேல் விழுந்தது. நான் முதலில் நினைத்தது வலியை அல்ல, உலகுவை. இப்போது வந்துவிடுவாள். வந்து பார்ப்பாள். முதல் நாள், முதல் அரைமணி, கையில் கத்தி, ரத்தம். நான் என்ன சொன்னாலும் எப்படி நம்புவாள். நானே அவள் இடத்தில் இருந்தால் நம்புவேனா. பென்சில் சீவும்போது பட்டுட்டு. உலகத்தில் இதைவிடப் பொய் மாதிரி ஒலிக்கிற உண்மை உண்டா. கைக்குட்டையைச் சுற்றினேன், ஊறியது, இன்னும் இறுக்கிச் சுற்றினேன். கத்தியைத் துடைத்தேன், மடக்கினேன், மறுபடி திறந்து மடிப்பில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ரத்தம் விழுந்த சீவலைத் தனியாகப் பொறுக்கினேன். வேட்டியில் ஒரு புள்ளி. வேட்டியை மாற்றலாம். மாற்றினால் ஏன் மாற்றினீங்க என்பாள். கையைப் பையில் விட்டுக்கொள்ளலாம். சாப்பிடும்போது? வலது கை. இரண்டு நாள் இடது கையால் சாப்பிட முடியுமா, பேப்பர் கிழித்தது என்று சொல்லலாம், கதவில் நசுங்கியது என்று சொல்லலாம். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே குளியலறைக்கும் சன்னலுக்குமாக நடந்தேன், அப்புறம் நின்றேன். இதுதான் அது. அந்த நாட்களில் இதைத்தான் செய்தேன். மறைத்தேன். தூங்காததை மறைத்தேன், சாப்பாட்டைக் காக்காய்க்குப் போட்டதை மறைத்தேன், நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அடுப்படித் தரைக்கு வந்து சேர்ந்தேன். இந்தச் சின்னக் காயத்தை மறைத்தால் நாளைக்கு இன்னொன்றை மறைப்பேன். அவள் நம்பட்டும், நம்பாமல் போகட்டும். அவள் மேலே வந்து கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும். மார்க்கெட் வரைக்கும் போக வேண்டியிருந்தாலும் சரி. இந்த வேட்டியோடு, இந்தக் கைக்குட்டையோடு. கத்தியை மேஜைமேலேயே வைத்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

படிக்கட்டுத் திருப்பத்தில் உலகு உட்கார்ந்திருந்தாள். எனக்கு முதுகு காட்டி, மடியில் பையை வைத்துக்கொண்டு. பை காலியாக இருந்தது. கதவுச் சத்தம் கேட்டதும் அவள் தோள் தூக்கிப்போட்டது. திரும்பினாள்.

“மார்க்கெட் போகலையா?” என்றேன்.

“போகணும்” என்றாள். எழுந்திருக்கப் பார்த்தாள், கால் மரத்திருக்க வேண்டும், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “இறங்குனேன். இது வரைக்கும்தான் இறங்க முடிஞ்சுது.”

“இவ்வளவு நேரமும் இங்கனயா இருந்த?”

 கைக்குட்டையைப் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் அந்த மத்தியானத்து மழை முழுக்க ஒரு நொடியில் வந்து நின்றது. 

“பென்சில் சீவுனேன். கத்தி உருண்டுட்டு” என்றேன். “மறைக்கலாம்னு பாத்தேன் உலகு. அப்புறம் உன்னத் தேடித்தான் வந்தேன்.”

அவள் படியேறி வந்தாள். என் வலது கையைப் பிடித்து, கைக்குட்டையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். காயத்தைப் பார்த்தாள், பெருவிரல் சதையில், சீவும்போது பென்சிலைப் பிடிக்கிற இடத்தில், குறுக்காக ஒரு கீறல். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கண்ணில், கன்னத்தில், நெற்றியில், எதையோ தொலைத்த இடத்தில் தேடுகிற மாதிரி. நான் கண்ணை விலக்கவில்லை. விலக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் பார்வை என் இடது கைக்கு வந்தது. சுண்டுவிரல் ஓரத்திலும் விரல் நுனிகளிலும் கரி படிந்திருந்தது. அதைத் தன் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள். கரி அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

“கண்ணு எங்க இருந்துச்சு?” என்றாள்.

“என்ன?”

“கத்திய கையில வச்சுக்கிட்டு கண்ண எங்க வச்சிருந்தியன்னு கேக்கேன். சின்னப் பிள்ளையா நீங்க? புதுக் கத்தி, கைக்குப் பழகுற வரைக்கும் மெதுவாச் சீவ வேண்டாமா? அன்னைக்கே தீட்டுன கத்தி மாதிரி இருக்கும், பாத்துக்கிடுங்கன்னு அந்தப் பட்டறை மனுசன் தலைப்பாடா அடிச்சிக்கிட்டாரு, சொல்ல மறந்துட்டேன், நான் மறந்தா உங்களுக்குத் தெரிய வேண்டாமா? வேட்டியப் பாருங்க. இதுல திங்கக்கிழமை வேற பிள்ளையளுக்குச் சீவிக் காட்டப் போறாராம்.”

அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. நான் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக அவள் என்னைத் திட்டவேயில்லை. சோறு வேண்டாம் என்றால் சரி என்பாள், விளக்கைப் போட்டுவிட்டே தூங்கினால் அணைத்துவிட்டுப் போவாள், உடைகிற சாமானைத் தூக்குகிற மாதிரிதான் என்னோடு பேசினாள். இப்போது படிக்கட்டே அதிரத் திட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது, அதையும் துடைக்காமல் திட்டினாள்.

“அஞ்சறைப் பெட்டியில மஞ்சப்பொடி இருக்கு, வச்சு அழுத்துங்க” என்று முடித்தாள். அப்புறம், சற்று நின்று, “நான் வரட்டுமா?” என்றாள்.

“வேண்டாம். நானே வச்சுக்கிடுதேன். நீ போ, வெயில் ஏறிரும்.”

அவள் என்னைப் பார்த்தாள். பையை உதறித் தோளில் போட்டாள். படி இறங்கினாள், ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே. கீழே கதவு திறந்தது. ரெஜினாக்கா இதற்காகவே கதவுக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும்.

“என்ன உலகு? சத்தமா கேட்டுச்சே, என்னம்மா?” என்று பதறிய குரல்.

“ஒண்ணுமில்லக்கா” என்றாள் உலகு, தெருவுக்கே கேட்கிற மாதிரி. “எங்க வாத்தியாருக்குப் பென்சில் சீவத் தெரியல. கைய வெட்டிக்கிட்டு நிக்காரு.”

கையை வெட்டிக்கிட்டு, இரண்டு வருஷமாக யாரும் வாயில் எடுக்காத அந்தச் சொல்லை அவள் சொல்லிவிட்டாள்.  கீழே ரெஜினாக்கா சிரித்தாள், முதலில் பயந்துபோய், பிறகு நிஜமாகவே. உலகுவும் சிரித்தாள். கம்பிக் கதவு கிறீச்சிட்டது. அவள் செருப்புச் சத்தம் தெருவில் இறங்கி, உப்புக்காரனின் மணிச் சத்தத்தைக் கடந்து, முக்கு திரும்பி, கேட்காமல் போகிற வரைக்கும் நான் படிக்கட்டில் நின்றேன். அப்புறம் மஞ்சள்பொடி தேட உள்ளே போனேன்.